குமிழியும் சுண்ணாம்பு மண்ணும்

ஷாம்பெயின் ஒயினை மதிப்பிடுவது கண்ணில் தொடங்குகிறது. கிளாஸை வெள்ளைத் தாளின் முன் சாய்த்து நிறம் பார்ப்பார்கள். வயது ஏற ஏற வெளிர்மஞ்சள் பொன்னிறமாகும். அடுத்தது மணம். நாக்கைவிட மூக்குக்கே இங்கு வேலை அதிகம். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, மடிந்த ஈஸ்டோடு குறைந்தது 12 மாதம் கிடப்பதால் சுட்ட ரொட்டியின் வாசம் ஏறுகிறது. பிறகு ஒரு மடக்கு: புளிப்பு, குமிழியின் மென்மை, துப்பிய பின்னும் சுவை தங்கும் நேரம். தரத்துக்குக் கடைசி அளவுகோலே நம்பகமானது.

இதே முறையில் குமிழி ஒயின் செய்யும் தென் இங்கிலாந்தின் சஸெக்ஸ், கென்ட் பகுதிகளிலும் ஷாம்பெயின் வட்டாரத்தைப் போலச் சுண்ணாம்பு நிலம் உண்டு; திராட்சை வகைகளும் பெரும்பாலும் அவையே. குளிர் கூடுதல் என்பதால் புளிப்பு கூர்மையாக நிற்கும். ஷாம்பெயின் நிறுவனமான டெத்தான்ஷே 2015இல் கென்ட்டில் நிலம் வாங்கியது.