தட்டில் திரும்பி வரும் சீனி

கொடுத்தது திரும்பி வருமா என்பதுதான் ஈகையைச் சோதிக்கும் முதல் கேள்வி. லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் இயேசு, விருந்துக்கு நண்பரையும் உறவினரையும் வசதியான அண்டை வீட்டாரையும் அழைக்க வேண்டாம் என்கிறார்; அவர்கள் பதிலுக்கு அழைத்துக் கடனைத் தீர்த்துவிடுவார்கள். ஏழைகளையும் கால் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்கச் சொல்கிறார். திருக்குறளில் ஈகை அதிகாரத்தின் முதற்குறளும் வறியவருக்குத் தருவதை மட்டுமே ஈகை என்று ஏற்று, மற்றதையெல்லாம் குறியெதிர்ப்பை என்று ஒதுக்குகிறது. அளந்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தரும் கைமாற்று அது.

இந்த அளவுகோலை மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டப்புறக் கிறிஸ்துமஸ் மேல் வைத்தால் சிக்கல் எழுகிறது. பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினராக இருந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நட்சத்திர விளக்கு தொங்கியது ஓரிரு வீடுகளில்தான். பலகாரமோ லயம் முழுவதற்கும் சுடப்படும். அச்சு முறுக்குக்கு அரிசி மாவு, தேங்காய்ப் பால், சீனி, முட்டை சேர்த்துக் கரைப்பார்கள். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மேல் விளிம்பு மூழ்காமல் மாவில் தோய்க்க வேண்டும். மூழ்கிவிட்டால் முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது. சைவ வீட்டுக்கென்று முட்டை சேர்க்கும் முன்பே ஒரு கிண்ணம் மாவு எடுத்து வைக்கப்படும். அந்தக் கிண்ணத்தில்தான் பரிசு தொடங்கியது.

பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுக்கும் தட்டு காலியாகத் திரும்பாது. கொஞ்சம் சீனி, இரண்டு வாழைப்பழம், எதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசி. தீபாவளிக்கு வந்த முறுக்குக்கு இந்தக் கிறிஸ்துமஸ் தட்டு பதில் என்றும் சொல்லலாம். அப்படியானால் வெறும் கைமாற்றுதானா? அப்படிச் சொல்வது லயத்து வாழ்க்கைக்குச் செய்யும் அநியாயம். தருவது, ஏற்பது, திருப்புவது ஆகிய மூன்று கடமைகளும் சேர்ந்தே மனிதரைப் பிணைக்கின்றன என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் வெளிவந்த ஆய்வில் காட்டினார். லயத்தில் யாரும் அளந்ததில்லை. மழையாலோ நோயாலோ பால்வெட்டு நின்று சம்பளம் குறைந்த வீட்டுக்கும் தட்டு போகும். அங்கிருந்தும் சீனியோடுதான் திரும்பும். அந்த ஒரு பிடிச் சீனியால் அவ்வீட்டாரும் கொடுப்பவரானார்கள்.

மாற்கு நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் வரும் ஏழைக் கைம்பெண்ணை இங்கே நினைக்க வேண்டும். காணிக்கைப் பெட்டியில் அவள் போட்டவை இரண்டே செப்புக்காசுகள். இயேசு பார்த்தது போட்ட தொகையை அல்ல, அவளிடம் ஒன்றும் மீதமில்லை என்பதை. லூக்காவின் விருந்தை மட்டும் படித்தால் ஏழை என்றைக்கும் பந்தியில் உட்காருகிறவராகவே நின்றுவிடுவார். கொடுக்கும் மகிழ்ச்சி அவருக்கும் உரியது.

பொருள்மோகம் பறிப்பது அந்த உரிமையைத்தான். பொருள் தீயதல்ல; குழந்தை இயேசுவுக்கு ஞானியர் கொண்டுவந்த பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் பொருள்களே. கடவுள் உடலெடுத்தார் என்று நம்பும் சமயம் பொருளை வெறுக்கவும் முடியாது. பின்னாளில் அந்த ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. குடும்பங்கள் சுங்கைப்பட்டாணியின் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, பெயர்ந்தன. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. பரிசுக்கும் விலைச்சீட்டு வந்தது. சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்து, இத்தனை ரிங்கிட் என்று வரம்பு வைத்து மாற்றிக்கொள்ளும் பரிசுதான் குறியெதிர்ப்பைக்கு மிக அருகில் நிற்கிறது. அந்தத் தொகை கையில் இல்லாதவர் ஒதுங்கிக்கொள்கிறார். இதற்கு நேர்மாறாக, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான மீரா நகர் ஆயர் நிக்கோலாஸ், மூன்று பெண்களின் சீதனத்துக்கான பொன்னை இரவில் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் போட்டார் என்பது மரபு. வாங்கியவர் யாருக்கும் கடன்பட்டு நிற்கக் கூடாது என்பதற்கான மறைவு அது.

மறையாமல் நேரில் போகும் வழியும் உண்டு. 1833-இல் பாரிசில் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை வீடு தேடிச் சென்று பார்ப்பதையே தன் முதற்பணியாகக் கொண்டது. பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு வருவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. வீட்டுக்குள் போனவர் உட்கார வேண்டும், பேச்சைக் கேட்க வேண்டும், வீட்டுக்காரம்மா கலக்கித் தரும் காப்பியை மறுக்காமல் குடிக்க வேண்டும்.