பையில் இருந்தது, அவன் வைத்ததா?

 

சென்ற மாதம் இஷாவுக்குப் பிறகு ஒரு தாய் பள்ளிவாசல் படியோரம் வந்து நின்றார். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் அவருடைய மகனைக் கஞ்சா வழக்கில் கைது செய்திருக்கிறார்கள். பை அவன் கையில் இருந்தது. கூட்டாளி கொடுத்த பை, உள்ளே என்ன என்று தெரியாது என்கிறான். "ஹஜ்ரத், எம்புள்ள அந்தப் பக்கமே போகாதவன்னு ஒரு லட்டர் எழுதிக் கொடுங்க" என்றார்.

அதற்குள் நம் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பே வந்துவிட்டது. பாதிப் பேர், "அவன் எப்பவோ கெட்டுட்டான்" என்றார்கள். மீதிப் பேர், "நம்ம பையன்னு பொய் வழக்கு" என்றார்கள். அந்தப் பையைக் கண்ணால் பார்த்தவர் இரண்டு பக்கமும் ஒருவர்கூட இல்லை.

சகோதரர்களே, சூரா யூசுஃபை ஒரு நீதிபதியின் கண்ணோடு ஓதிப் பாருங்கள். முதலில் இரத்தம் தோய்ந்த சட்டை வருகிறது. கண்ணீரோடு கொண்டு வந்த தடயம், ஆனால் பொய். யஅகூப் (அலை) அவர்கள் அதை ஏற்கவில்லை. இத்தனை பரிவோடு சட்டையைக் கிழிக்காமல் தின்ற ஓநாயா என்று அவர்கள் கேட்டதாக தஃப்ஸீர்களில் வருகிறது. அடுத்தது பின்புறம் கிழிந்த சட்டை. அது உண்மை பேசியது. மூன்றாவது, தம்பியின் மூட்டையில் கிடைத்த அரசரின் அளவுப் பாத்திரம். பொருள் கிடைத்தது நிஜம், ஆனால் அவர் திருடவில்லை. தம்பியைத் தம்மோடு நிறுத்திக்கொள்ள யூசுஃப் (அலை) அவர்களே செய்த ஏற்பாடு அது. பாத்திரம் வெளியே வந்ததும் அண்ணன்மார் என்ன சொன்னார்கள்? இவன் திருடினால் ஆச்சரியமில்லை, இவன் அண்ணனும் முன்பு திருடியவன்தான் என்றார்கள். கூடப் பிறந்தவர்களே!

நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கடுமையானது. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை. பொருள் கையில் இருந்தால் குற்றமனமும் இருந்தது என்றே சட்டம் அனுமானிக்கும்; இல்லை என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு. ஆனால் அந்த அனுமானத்துக்கு முன், அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று நூர் ஆகா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமிர்தசரஸ் விமான நிலையத்தில் 1 கிலோ 400 கிராம் ஹெராயினோடு பிடிபட்டதாகச் சொல்லப்பட்ட ஆப்கானியர் அவர். ஹெராயின் இருந்ததாகச் சொன்ன பெட்டி நீதிமன்றத்துக்கே வரவில்லை. அவர் விடுதலையானார். பிறகு 2020 அக்டோபர் 29இல், தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், விசாரணை அதிகாரி எழுதி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார்.

அப்படியானால் குற்றவாளி தப்பிவிட மாட்டானா? தப்பலாம். கஞ்சாவால் சீரழிந்த பிள்ளைகளின் தகப்பன்மார் இந்த சஃப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தப்பியவனுக்கும் நிம்மதி இல்லை. வாதத் திறமையால் ஒருவர் என்னிடம் சாதகமான தீர்ப்பைப் பெற்று, அடுத்தவர் உரிமையை எடுத்துக்கொண்டால், அவர் எடுத்துச் செல்வது நெருப்புத் துண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தீர்ப்பு நகல் கப்ருக்குள் வராது.

இனி கடிதத்துக்கு வருகிறேன். பெரும் பாவங்களைச் சொல்லிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள், பொய் சாட்சி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தத் தாய்க்கு முன்னால் பேனாவைப் பிடித்தபோது அந்த ஹதீஸ்தான் என் கையைப் பிடித்தது. ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை என்னிடம் குர்ஆன் ஓதினான், ஜும்ஆவுக்கு வருவான், ஒழுங்காக வேலைக்குப் போகிறான் என்று எழுதினேன். அந்தப் பக்கமே போகாதவன் என்று எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது.

படித்துவிட்டு, "இவ்வளவுதானா ஹஜ்ரத்?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாம்மா."

மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். வழக்கு இன்னும் நடக்கிறது.