முதல் பங்கு சீராளனுக்கு

சித்திரைப் பரணியில் சிறுத்தொண்ட நாயனார் குருபூசை. எங்கள் கோயிலில் அன்று பெரியபுராணத்திலிருந்து அவர் வரலாற்றைப் படிப்போம். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, இன்னொருவர் பொருளை விளக்கிப் பயன் சொல்லுவார். ஆசிரியராக இருந்த காலந்தொட்டுப் பயன் சொல்லும் வேலை என்னுடையது. ஆனால் 2009இல் ஈழப்போர் முடிந்த பிறகு அந்த வரலாற்றை நான் முந்திச் சொன்னதுபோலச் சொல்வதில்லை. வயதான அடியார்கள் சிலருக்கு இது மனத்தாங்கல். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கதை எல்லோரும் அறிந்ததுதான். பரஞ்சோதியார் என்ற சிறுத்தொண்டர் பல்லவனின் படைத்தலைவர், வாதாபியை அழித்தவர். படையை விட்டபின் திருச்செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுது படைத்து வாழ்கிறார். பைரவக் கோலத்தில் வந்த இறைவன் ஐந்து வயதுப் பிள்ளையின் இறைச்சி கேட்கிறார். அது அந்தக் குடிக்கு ஒரே மகனாக இருக்கவேண்டும். தாய் பிடிக்கத் தகப்பன் அரியவேண்டும். இருவரும் மனம் உவந்து செய்யவேண்டும். தகப்பன் பள்ளிக்கூடத்துக்குப் போய் மகன் சீராளனைத் தோளில் தூக்கி வருகிறார். எல்லாம் முடிந்து கறி படைத்த பிறகு, மகனைக் கூப்பிடு என்கிறார் விருந்தாளி. கூப்பிட்டதும், பள்ளிவிட்டு வருகிறவன்போலப் பிள்ளை ஓடி வருகிறான்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் நான் அன்பின் எல்லையைப் பற்றிப் பேசுவேன், சபை கண் கலங்கும். இப்போது அந்தச் சபையில் வன்னியிலிருந்து வந்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்களும் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் வரவில்லை.

2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பிராந்திய சுகாதாரப் பணிமனை பால்மா கொடுத்தது. தாய்மாரும் பிள்ளைகளும் வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் இது இருக்கிறது: இறந்துகிடந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை அப்படியே இருந்ததாம். 2008 செப்டெம்பரிலேயே அரசின் உத்தரவின்பேரில் ஐ.நா. நிறுவனங்களும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டுப் போயிருந்தன. போகவேண்டாம் என்று சனம் அலுவலக வாசலில் நின்று மன்றாடியது. அதன் பிறகு சிறிது காலம் உணவு லொறிகள் வந்தன. தை மாதத்தோடு அவையும் நின்றுபோக, செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்தான் மிச்சம்.

அந்த நாட்களில் நானும் வன்னியில்தான்; நாங்கள் இரணைப்பாலையிலும் பிறகு வலைஞர்மடத்திலும் கஞ்சி காய்ச்சினோம். தொடக்கத்தில் தேங்காய்ப்பால் விட்டோம். கடைசியில் அரிசியும் உப்பும் தண்ணீரும். பிள்ளைகள் பால்மாப் பேணியோடு வந்து நிற்பார்கள். ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை, பேணிக்குக் கம்பியால் பிடி போட்டிருந்தாள். வார்த்த கஞ்சியை வாயில் வைக்காமல் திரும்பினாள்.

“குடி பிள்ளை.”

“தம்பி பங்கருக்குள்ள இருக்கிறான், மாஸ்டர்.”

“நீ குடி. தம்பிக்கு வேற தாறன்.”

அவளிடம் இருந்தது ஒரு பேணிதான். அவள் பங்கைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். தம்பியின் பேணியை இரண்டு காலுக்கும் இடையில் இறுக்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் குடித்தாள். அவள் தகப்பன் யார், எந்தப் பக்கம், புலிகள் இயக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று அந்த வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளையைக் கேட்டவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்டது. நான் படிப்பித்த பிள்ளைகளைப் பெற்றோர் பங்கருக்குள்ளும் பத்தைக்குள்ளும் ஒளித்து வைத்தார்கள். பள்ளிக்கூட வயதிலேயே கலியாணம் செய்து வைத்தார்கள். அரசோ, நாட்டைக் காக்க இந்த விலை தவிர்க்க முடியாதது என்றது. அதிலும் பிள்ளைதான் விலை. பைரவர் போட்ட நிபந்தனைபோலத்தான் இரண்டு பக்கமும் பேசின: மனம் உவந்து கொடு, அழாதே. பரணியன்று அந்தப் பகுதியை வாசிக்கக் கேட்கும்போது எனக்கு இவைதான் காதில் விழுகின்றன.

அதற்காகக் கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நான் சைவன், அந்தப் புத்தகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற வீட்டில் பிறந்தவன். ஆனால் கதையில் கேட்டவர் யார் என்பதை மறந்துவிட்டுப் பயன் சொல்லக்கூடாது. கேட்டவர் பிள்ளையைத் திருப்பித் தரக்கூடியவர், தந்தும் விட்டார். திருப்பித் தர முடியாத எவனுக்கும் பிள்ளையைக் கேட்கிற உரிமை இல்லை. அரசனோ தலைவனோ, தேசமோ மதமோ, சிறுத்தொண்டரைக் காட்டித் தாயிடம் கை நீட்டினால் அது சிவநிந்தனை. இப்போது நான் சபையில் சொல்கிற பயன் இதுதான்.

மனிதருக்கு ஆகிற வேலை அதே புராணத்தில் வேறிடத்தில் இருக்கிறது. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயது ஞானசம்பந்தப் பிள்ளை அழுகிறது. உமையாகிய தாய் பால் கொடுக்கிறாள். அந்தப் பிள்ளை என்ன தவம் செய்தது, வளர்ந்து யாருக்குப் பாடும் என்றெல்லாம் பார்த்தா கிண்ணத்தில் பால் வந்தது? அழுதது, கொடுத்தாள். பாலுக்கு அழுத உபமன்னியுவுக்கு இறைவன் பாற்கடலையே கொடுத்தார். பிறகு திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு கிடைத்தது; அதைக்கொண்டு வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டார்கள். பால் கொடுப்பதற்கும் படிக்காசுக்குச் சோறு போடுவதற்கும் தெய்வமாக இருக்கவேண்டியதில்லை. பிள்ளையை எழுப்பித் தருவதற்குத்தான் தெய்வம் வேண்டும்.

செட்டிகுளம் முகாமில், முட்கம்பிக்குள் நாங்கள் இருந்தபோது, பேச வந்த ஒரு பெரியவர் இதெல்லாம் முன்வினை என்றார். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அப்போது முகாம்களில். முன்னால் இருந்த தாயின் மடியில் காலில்லாத பிள்ளை. எனக்கு உடம்பு எரிந்தது. முன்வினையின் பயனாகிய பிராரத்தம் உண்டு என்று சித்தாந்தம் சொல்கிறது, நானும் அதை நம்புகிறேன். ஆனால் அது என் துன்பத்தை நான் பொறுப்பதற்குச் சொன்னது. அடுத்தவன் பிள்ளையின் கணக்கைப் பார்க்க என்னை யாரும் கணக்குப்பிள்ளையாக வைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னால் நான் இன்றைக்குச் செய்வதும் செய்யாமல் விடுவதும் என்னுடைய ஆகாமியம், நான் புதிதாகச் சேர்க்கும் வினை. வினையை நம்புகிறவன் அதற்குத்தான் முதலில் பயப்படவேண்டும். புண்ணியம் சேரும் என்று கொடுக்கிறவர்களையும் நான் பெரிதாக மெச்சமாட்டேன். அங்கேயும் பிள்ளை இன்னொருவரின் கணக்குக்கு உதவுகிற பொருளாகிவிடுகிறது.

படித்தவர்கள் சொல்கிற நியாயம் இன்னொன்று: உணவை உள்ளே விட்டால் அது ஆயுதக்காரன் வயிற்றுக்குப் போகும், போர் நீளும். தொண்ணூறுகளில் இந்த நியாயத்தின் பெயரால்தான் பற்றரி, பெற்றோல், சீமெந்து, யூரியா எல்லாம் வடக்குக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, கொஞ்ச மண்ணெண்ணெயில் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். போர் குறையவில்லை. உதவியில் ஒரு பங்கு தவறான கைக்குப் போகும் என்பது மெய், நான் மறுக்கவில்லை. ஆனால் திருடுகிறவனைத் தண்டிக்கப் பிள்ளையின் கோப்பையைக் கவிழ்ப்பது எந்தத் தர்மத்திலும் இல்லை.

இதை எங்களுக்கு முன்னே சொன்னவர்களும் உண்டு. 1919இல், முதல் உலகப்போர் ஓய்ந்தும் பிரித்தானிய முற்றுகை நீங்காத நேரம். பட்டினி கிடந்த ஒஸ்திரியப் பிள்ளைகளின் படம் போட்ட துண்டுப்பிரசுரத்தை லண்டனில் விநியோகித்ததற்காக எக்லன்ரைன் ஜெப் அம்மையார் கைதானார். சட்டப்படி குற்றம் தணிக்கை அனுமதி பெறாதது; உண்மையில் எதிரியின் பிள்ளைக்காகப் பேசியதுதான். அபராதம் ஐந்து பவுண். அவருக்கு எதிராக வழக்காடிய அரச வழக்கறிஞரே அந்தப் பணத்தைத் தம் கையிலிருந்து கொடுத்தார். ஜெப் எழுதிய பிள்ளைகள் உரிமைப் பிரகடனத்தை 1924இல் சர்வதேச சங்கம் ஏற்றது. இடர்க்காலத்தில் நிவாரணம் முதலில் பிள்ளைக்கே என்பது அதில் ஒரு விதி. நடக்கக்கூடிய விதிதான். 1985இல் எல் சல்வடோரில் அரசும் கெரில்லாக்களும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சண்டையை நிறுத்தினார்கள். எங்கள் நாட்டிலும் தொண்ணூறுகளில் போலியோச் சொட்டு மருந்துக்காக அப்படி அமைதி நாட்கள் இருந்தன. சொட்டு மருந்துக்கு நிறுத்த முடிந்த ஷெல்லைப் பால்மாவுக்கும் நிறுத்தியிருக்கலாம்.

இப்போது சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போர். டார்பூரில் ஸம்ஸம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்டில் உறுதிப்படுத்தினார்கள். பக்கத்து நகரமான எல் பாஷர் முற்றுகையில் கிடந்தபோது சனம் நிலக்கடலைப் புண்ணாக்கைத் தின்றது. மாட்டுக்கு வைப்பதைப் பிள்ளைக்கு ஊட்டினார்கள். பரணிப் பூசையின் அன்னதானப் பணத்தில் ஒரு பங்கை அந்தப் பிள்ளைகளுக்கு அனுப்பவேண்டும் என்று கோயில் நிர்வாக சபையிடம் கேட்டேன்.

“எங்கட பிள்ளையளுக்கே இன்னும் ஒண்டும் ஒழுங்காச் செய்யேல்ல. அதுகள் ஆற்ற பிள்ளையள், மாஸ்டர்?” என்று தலைவர் கேட்டார்.

அவர் கெட்ட மனிதர் அல்லர். காலிழந்த பிள்ளைகளுக்குச் செயற்கைக் கால் எடுத்துக் கொடுக்க அலைந்தவர். அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் வலைஞர்மடத்துக் கஞ்சி வரிசையில் நாங்கள் யாரிடமும் கேட்காத கேள்வி அது. அதைத்தான் அவரிடம் சொன்னேன். யோசிப்போம் என்றார்கள். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குப் போயிருக்கிறது. அன்றும் போய்க் கேட்பேன்.