ஏழு ஷில்லிங் சாப்பாடு

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ஒரகடம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மேம்பாலத்தைத் தாண்டியதும் டிரைவர் டீக்கடையில் ஓரங்கட்டினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். டீ ஆறுகிறவரை எதையோ யோசித்துக்கொண்டிருந்தவர், செல்போனை என்னிடம் நீட்டினார்.

"இதப் பாருங்க சார்."

ஈஃபில் கோபுரம். அதற்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்தபடி, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிற ஒரு பெண்.

"எம் பொண்ணு. ஜெர்மனிக்குப் படிக்க அனுப்புனா பாரிஸ்ல நிக்குது. போன மாசம் ஆம்ஸ்டர்டாம். படிக்கப் போச்சா, ஊர் சுத்தப் போச்சா? படிச்சவரு நீங்க, சொல்லுங்க."

நான் படித்தது பி.காம். எதைக் கேட்டாலும் முதலில் கணக்குதான் போடத் தோன்றும்.

பெண் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். மாணவர் பரிமாற்றத்தில் ஒரு செமஸ்டர் அங்கே. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, இங்கே கட்டுவதே போதும். ஆனால் சோறும் வாடகையும் நம் செலவு. ஜெர்மனிக்காரர்கள் இதில் உஷார். மாதத்துக்கு 992 யூரோ (2024-ல் நிர்ணயித்த தொகை) வீதம் மொத்தமாக முன்கூட்டியே பேங்க்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. அதையும் மாதாமாதம் அளந்துதான் எடுக்க முடியும். நம் காசில் மாதம் சுமார் ஒரு லட்சம். மனிதர் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்திருக்கிறார்.

சரி, நேரக் கணக்கு? ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு வழக்கமாக 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டில் படிப்பது, பரீட்சை எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதிகபட்சம் 900 மணி. ஆறு மாதத்துக்கு வகுத்தால் வாரத்துக்கு 35 மணி நேரம் வரும். சனியும் ஞாயிறும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கடைகண்ணிகூடச் சாத்திக் கிடக்கும். அறையில் உட்கார்ந்து சுவரையா பார்ப்பாள்?

இதையெல்லாம் சொன்னேன். மனிதர் அசையவில்லை.

"படிப்புல குறை இல்ல சார். பாஸ் பண்ணிடுது. ஆனா இப்பிடி சிரிக்குது பாருங்க..."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பேச்சை மாற்றி, அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன்.

பாதி நாள் தொழிற்சாலைகளுக்குத்தான் வண்டி ஓட்டுகிறார். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் ஹூண்டாய் கார் வெளியே வந்ததிலிருந்து இந்தப் பக்கம் வெளிநாட்டு முகங்களுக்குப் பஞ்சமில்லை. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர் லாரி. பயிற்சிக்கென்று அங்கிருந்து சின்னப் பையன்களும் பெண்களும் சில மாதங்கள் வந்து தங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் இவர்தான் அவர்களை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம், மாமல்லபுரம், பக்கத்தில் வல்லக்கோட்டை முருகன் கோயில் என்று சுற்றிக் காட்டுகிறார்.

"பாவம் சார், அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்குதுங்க. நாலு எடம் பாக்காம போனா நல்லாவா இருக்கும்?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அதுங்களுக்குக் கம்பெனி காசு குடுக்குது சார். வேற விஷயம்" என்றார்.

வேறு விஷயம்தானா?

ஏ.கே. செட்டியாரைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோ கலை படித்தவர். படித்த கையோடு ஊர் திரும்பாமல் உலகத்தைச் சுற்றினார். 1937 அக்டோபர் 2-ம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகிற கப்பலில்தான் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்கிற யோசனை அவருக்கு வந்தது. 1940-ல் படம் வெளிவந்தது. பாருங்கள், ஊர் சுற்றினால் இப்படியெல்லாம் நடக்கும்!

சொல்லவில்லை. இது அசல் வியாபாரப் பேச்சு. எங்கள் அக்கவுன்டன்சி புத்தகத்தில் 'நீள்பயன் வருவாயினச் செலவு' என்று ஒரு தலைப்பு உண்டு. இன்றைக்குச் செலவழித்தது பின்னால் பல வருடம் பலன் தரும் என்பது அதற்கு அர்த்தம். பாரிஸை அந்தத் தலைப்பில் எழுதினால் அப்பாக்கள் ஒத்துக்கொள்வார்கள். ஆனால், அந்தப் பெண் கோபுரத்தைப் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள், அதோடு சரி. பின்னால் ஒரு பலனும் இல்லை என்றால்? அந்தச் சந்தோஷத்துக்கு அவளுக்கு உரிமை இல்லையா?

கடன் கொடுத்தவன் முன்னால் கடன் வாங்கியவன் புதுச் சட்டை போட முடியாது. 'என் காசு' என்று அவன் கண் சொல்லும். பெற்றவர்களும் பிள்ளைகளும் அப்படித்தானா? பேங்க் கடனுக்காவது தவணை உண்டு, முடிகிற தேதி உண்டு. இந்தக் கடன் எந்த வருடம் முடியும், எப்போதிலிருந்து பிள்ளை தாராளமாகச் சிரிக்கலாம் என்று எந்த அப்பாவும் சொன்னதில்லை.

நான் காலேஜில் படிக்கும்போது மூன்று நாள் ஊட்டி டூருக்கு அப்பா 600 ரூபாய் கொடுத்தார். யாரிடம் வாங்கினார் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கையின் முதல் மலை, முதல் பனி. வீட்டுக்கு வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டார். "ஒண்ணும் பெருசா இல்லப்பா, ஒரே குளிர்" என்றேன். அவருக்கு வலிக்கக்கூடாது என்று சொன்ன பொய் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பயந்துபோய்ச் சொன்னது என்று இப்போது தோன்றுகிறது. அந்த 600 ரூபாய்க்கு அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது, நான் வாயைத் திறந்து சொல்லும் ஊட்டிதான். அதையும் நான் கொடுக்கவில்லை.

லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தபோது காந்தியும் பாரிஸ் போயிருக்கிறார். காசு அண்ணனுடையது. பெரிய கண்காட்சி நடந்த நேரம், ஈஃபில் கோபுரம் புத்தம் புதுசு. ஏழு நாள் தங்கினார், கோபுரத்தில் இரண்டு மூன்று தடவை ஏறினார். சல்லிக்காசுக்கும் கணக்கு எழுதுகிற மனிதர், கோபுரத்தின் முதல் தளத்து ஹோட்டலில் ஏழு ஷில்லிங் கொடுத்துச் சாப்பிட்டதைப் பல வருடம் கழித்து 'சத்திய சோதனை'யில் எழுதுகிறார். அவ்வளவு உயரத்தில் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியும் என்பதற்காகவே விட்டெறிந்த காசாம் அது. கவனியுங்கள், பாரிஸ் போனதற்கு அவர் வருத்தப்படவில்லை. நோத்ர் தாம் போன்ற பழைய தேவாலயங்களை உருகித்தான் எழுதுகிறார். 'சொல்லிக்கொள்வதற்காக' செய்தது மட்டும்தான் உறுத்தியிருக்கிறது.

அப்படியானால் இந்தப் போட்டோ? ஊருக்குக் காட்ட எடுத்ததா?

"இத யாருக்கெல்லாம் அனுப்பிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. 'அப்பா, வந்துட்டேன்'னு போட்டிருந்துது."

என்னைவிட அந்தப் பெண் நேர்மையானவள். நான் மறைத்ததை அவள் நேராக அப்பாவுக்கே அனுப்பியிருக்கிறாள்.

"பதில் போட்டீங்களா?"

"ரெண்டு நாளாச்சு சார். என்ன போடறதுன்னு தெரியல."

கிளம்பினோம். நாளை ஞாயிறு, மாமல்லபுரம் சவாரி இருக்கிறது என்றார். கடற்கரைக் கோயில் எப்படி இருக்கிறது, முன்னெல்லாம் சும்மா போய் உட்காரலாமே என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"நான் உள்ள போனதில்ல சார். நாப்பது தடவ போயிருப்பேன். வண்டிய யாரு பாத்துக்கறது?"

உள்ளே போக நமக்கு 40 ரூபாய் டிக்கெட், வெளிநாட்டுக்காரர்களுக்கு 600.

படப்பை வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. சிக்னலில் நின்றபோது போனை எடுத்து மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். பெண்ணை இல்லை, பின்னாலிருந்த கோபுரத்தை.

"இதும் மேல ஏறிப் பாக்க எவ்ளோ சார் இருக்கும்?"

தெரியாது என்றேன்.

"ஏறுச்சான்னு கேட்டா, திட்டறேன்னு நெனச்சுக்குமோ?"