தோண்டியவர் பொறுப்பு

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியை ஆழப்படுத்தியது பனிப்பாறை. பல்லாயிரம் ஆண்டுகள் நிலத்தைச் சுரண்டிய அது, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் உருகிப் பின்வாங்கவே, பள்ளத்தில் நன்னீர் நிறைந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கிற்குப் பனிப்பாறை வந்ததில்லை. இங்குள்ள ஏரிகளுள் பல, ஈயத்திற்காக மனிதன் தோண்டிய குழிகள். கோலாலம்பூரின் தித்திவங்சா ஏரியும் பழைய ஈயக்குட்டையே. மாலையில் அதன் கரையில் உலவுவோர் இதனை நினைப்பதில்லை. நினைத்தே ஆகவேண்டுமென்று வற்புறுத்துவதும் முறையன்று.

ஆயினும், 2014ஆம் ஆண்டின் நீர்த் தட்டுப்பாட்டில் சிலாங்கூர் மாநிலம் பழைய ஈயக்குட்டைகளின் நீரை ஆற்றில் சேர்த்துக் குடிநீர் வழங்கலுக்குத் துணையாக்கியது. பின்னாளில் பயன்பட்டதனால் தோண்டியவர் செயல் அறமாகிவிடுமா? பனிப்பாறைக்கு அறிவுமில்லை, இலாபமுமில்லை. அதனிடம் கணக்குக் கேட்பாரில்லை. ஈயத்தை விற்றவர்க்கோ இரண்டும் இருந்தன. குழியை நிரப்பியதோ மழை. அந்நீரில் உலோகக் கலப்பு உண்டோ என்ற ஐயம் அப்போது எழுந்தது. அதனைச் சோதித்தறியும் பொறுப்பு, தோண்டிச் சென்றவரை விட்டுப் பின்வந்தவர் தலையில் விழுந்தது.