பதினெட்டு வயதில் தன்னறம்

மேல்நிலைப் பள்ளியை முடித்தவர் கல்லூரிக்குள் உடனே நுழையாமல் ஒரு தொழிலைக் கற்கவோ வேலைக்குச் செல்லவோ முற்படும்போது எழும் விவாதம், எதில் வருமானம் மிகுதி, எதில் பிழைப்பு உறுதி என்ற கணக்கோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் தொழிலைத் தன்னறத்தோடு, அதாவது ஒருவர் தமக்குரியதென ஏற்று நிற்கும் கடமையோடு, இணைத்துப் பார்த்த இந்தியச் சமய மரபில் இக்கேள்விக்கு இன்னோர் ஆழம் உண்டு: ஒருவருடைய தன்னறத்தைத் தீர்மானிப்பது பிறப்பா, இயல்பா, தேர்வா? கள்ளக்குறிச்சியிலும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையிலும் இக்கேள்வியை ஏட்டளவில் நிறுத்திவிட முடியாது.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் தேக்கு, வாகை போன்ற மரங்களில் தெய்வ உருவங்களையும் கோயில்களுக்கான பணிகளையும் செதுக்கும் கலை தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. அதற்குப் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் தனித்தன்மை அது பிறந்த ஊரைச் சார்ந்தது என்ற சட்ட அங்கீகாரம், கிடைத்திருக்கிறது. உளியும் கொட்டாப்புளியும் பிடித்துப் பழகும் கைக்கு நீண்ட பயிற்சி வேண்டும் என்பதால், பள்ளியை முடித்த ஒருவருக்கு இது இயல்பான ஒரு வழியாகத் தோன்றும். அவ்வாறிருந்தும் தமிழ்நாட்டில் இத்தகைய வழியை யாரேனும் பரிந்துரைத்தால் உடனே ஐயம் எழுகிறது. அந்த ஐயத்துக்கு வரலாற்றில் தக்க காரணம் இருக்கிறது.

1953இல் இராஜாஜி அரசு, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. உடலுழைப்பின் மேன்மையைச் சொல்லி அது நியாயப்படுத்தப்பட்டாலும், பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். சாதி அமைப்பில் தொழில் பகிரப்படுவது தனிமனிதரின் ஆற்றலைக் கண்டறிந்து அன்று, பெற்றோரின் சமூக நிலையைப் பார்த்தே என்று அம்பேத்கர் 1936இலேயே வாதிட்டிருந்தார். குறையுடையதாயினும் தன் கடமையே பிறர் கடமையினும் சிறந்தது என்ற கீதையின் கருத்தை, இயல்பறிந்து தொழில் தேர்வதற்கான அறிவுரையாக வாசிப்போர் உண்டு. ஆயினும் சமூக நடைமுறையில் அக்கருத்து பிறந்த இடத்திலேயே ஒருவரை நிறுத்திவைக்கும் ஆயுதமாகப் பயன்பட்டதை மறுக்க இயலாது.

அதே விவாதம் அண்மையில் வேறு உருவில் திரும்பியது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மா திட்டம், பதினெட்டு வயது நிறைந்த, குடும்பவழிக் கைத்தொழில் செய்வோருக்குப் பயிற்சியும் கடனும் அளிக்க முன்வந்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், அறிந்து தேர்ந்தவர் மட்டுமே இதில் சேரும்படி குறைந்தபட்ச வயதை முப்பத்தைந்தாக உயர்த்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கோரியது. அது ஏற்கப்படாதபோது 2024 நவம்பரில் அத்திட்டத்தைச் செயல்படுத்த மறுத்து, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இருபத்தைந்து கைத்தொழில்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை கடன் தரும் இத்திட்டம் விண்ணப்பதாரரின் பரம்பரையைக் கேட்பதில்லை, வயது முப்பத்தைந்து நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. கல்லூரிக்குச் செல்ல வேண்டிய பருவத்தில் கடன் ஆசை காட்டி ஒருவரைப் பட்டறைக்குள் இழுக்கக் கூடாது என்ற அதன் நோக்கம் நியாயமானதே. ஆனால் சிற்பத் தொழில் கையில் படியும் பருவமும் அதுவே ஆகையால், தச்சர் குடும்பத்தில் பிறக்காத ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ விரும்பி உளியைத் தேர்ந்தால், முப்பத்தைந்து வயது வரை அவருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. தவறான கட்டாயத்திலிருந்து காக்கும் வேலி, சரியான விருப்பத்துக்கும் வேலியாகிவிடுகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்கச் சமய மரபே ஒரு வழி காட்டுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் மண்கலம் வனைந்த திருநீலகண்டரும், வலைவீசிய அதிபத்தரும், துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டரும் தத்தம் தொழிலில் நின்றபடியே பேறு பெறுகின்றனர். அதே நூற்றாண்டில் கன்னட நாட்டில் பசவரும் சரணர் என்னும் அடியார்களும் காயகம் என்ற கோட்பாட்டை, அதாவது நேர்மையான உழைப்பே வழிபாடு என்ற கொள்கையை, முன்வைத்தனர். எனினும் திருநாளைப்போவார் வரலாறு ஒரு கடுமையான திருத்தத்தைச் சேர்க்கிறது. கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்தவர் அவர். அவருடைய உழைப்பின் பயன் சன்னதி வரை சென்றது, அவருக்கோ பிறப்பின் பொருட்டு வாயிலிலேயே தடை இருந்தது. செய்பவருக்குக் கதவை அடைத்துக்கொண்டு செய்தொழிலை மட்டும் போற்றுவது மதிப்பு ஆகாது. தொழில் தன்னறமாவதற்கு அதன் புனிதம் போதாது. வேறு வாயில்களும் அவருக்குத் திறந்திருக்க வேண்டும்.

கல்வராயன் மலையில் இந்த உண்மை கூர்மையாக வெளிப்படுகிறது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, மரவள்ளி பயிரிட்டும் கடுக்காய், தேன் சேகரித்தும் வாழ்கின்றனர். பஞ்சம் பிழைக்கக் கேரளத்துக்கும் குடகுத் தோட்டங்களுக்கும் செல்கின்றனர். இங்கே பள்ளியை முடித்தவர் கல்லூரிக்குப் போகாமல் தோட்ட வேலைக்குப் போவதை மாற்றுவழி என்று அழைப்பது பொருந்தாது, ஏனெனில் அவர் ஒதுக்கிவிட்டு வந்த முதல் வழி என ஒன்று பெரும்பாலும் இருந்ததேயில்லை. வெள்ளிமலையில் உள்ள ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியின் பெயரே, திறன் இருந்தும் பிறப்பின் பொருட்டு விலக்கப்பட்டுக் கட்டைவிரலை இழந்த வேடர்குலச் சிறுவனை நினைவூட்டுகிறது.

தொழிலுக்குச் சென்றவர் மீண்டும் படிப்புக்குத் திரும்பி வரும் பாதையும் அதே அளவு தேவை. தொழிற்பயிற்சி நிலையம் என்னும் ஐ.டி.ஐ.யில் ஈராண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலும், பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். மலையின் சேலம் பக்கத்தில் உள்ள கருமந்துறையில் பழங்குடியினருக்கான அரசு ஐ.டி.ஐ. இயங்குகிறது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்வோருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் ஐ.டி.ஐ. மாணவரையும் சேர்த்துக்கொள்கின்றன. இவ்வேற்பாடுகளின் பொருள் பணத்தோடு முடிவதில்லை. பதினெட்டு வயதில் எடுத்த முடிவு வாழ்நாள் தீர்ப்பாகிவிடாது என்ற உறுதியை அவை தருகின்றன.

ஆகவே கல்லூரிக்கு மாற்றான வழிகள் மேலானவையா கீழானவையா என்று கேட்பதைவிட, அவை யாருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன என்று கேட்பதே அறத்தின் உரைகல். கள்ளக்குறிச்சி நகரத்து மருத்துவரின் மகன் கூச்சமின்றிச் சிற்பப் பட்டறையில் மாணாக்கராகச் சேரவும், கல்வராயன் மலைக் குடியானவரின் மகள் தடையின்றி மருத்துவக் கல்லூரியில் சேரவும் இயலுமானால், உளி பிடிப்பதும் ஏர் பிடிப்பதும் உண்மையிலேயே தன்னறமாகும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உழைப்பின் புனிதம் போதிக்கப்படும் வரை, எவ்வளவு அழகிய சொற்களில் சொல்லப்பட்டாலும், அது 1953இல் எதிர்க்கப்பட்ட பழைய திட்டமே.