நோவும் நோன்பும்

தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தின் ஆவணித் திருவிழாவைக் கண்டோர், முதுகிற் செடில் குத்திக் காவடியாடும் இளைஞரை எளிதில் மறந்துவிடார். அதே சந்நிதிச் சூழலில், தீராப் பிணியோடு வந்து தங்கி, முருகனிடம் முறையிடும் மனிதரையும் நாம் காண்கின்றோம். ஓரிடத்தில் இருவகை வேதனைகள். ஒன்று விரும்பி ஏற்றது. மற்றது விரும்பாமலே வந்து சேர்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது எமது ஒழுக்கச் சிந்தனையில் நெடுங்காலமாக ஊறிப்போன பிழை என்பதே எமது கருத்து.

'நோல்' என்பதற்குப் பொறுத்தல் என்பது பொருள். 'நோன்பு' அதனடியாகப் பிறந்தது. 'வலி' என்ற சொல்லோ வேதனையையும் வலிமையையும் ஒருங்கே குறிக்கின்றது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று முதியோர் கூறுவர். ஆயின், பொறுத்தவரெல்லாம் பூமியாண்டதை நாம் கண்டதில்லை. பிறரைப் பொறுக்கச் சொன்னவர்களே பெரும்பாலும் ஆண்டிருக்கின்றனர்.

காவடியெடுப்பவனின் பொறுமை பொய்யன்று. இரண்டாம் உலகப்போரிற் படுகாயமுற்ற படையினர் பலர், நோவகற்றும் மருந்து வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது வேண்டாமென்றதை அமெரிக்க மருத்துவர் பீச்சர் 1946ஆம் ஆண்டிற் பதிவு செய்தார். காயம் அவர்களுக்கு உயிர்தப்பிப் போர்க்களத்தை விட்டு நீங்குவதையும் குறித்தது. ஆதலின் நோவின் கடுமை குறைந்தது என்பது அவர் கொண்ட விளக்கம். நோவின் அளவைக் காயம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்கு மனிதன் காணும் பொருளும் தீர்மானிக்கின்றது. காவடிக்காரனுக்கு நேர்த்தி உண்டு, முடிவு நேரம் உண்டு, சுற்றிநின்று அரோகரா என்னும் ஊர் உண்டு. எலும்பிற் புற்றுநோய் பரவிய ஒரு தாய்க்கு இவற்றுள் எது உண்டு? அவளிடம் சென்று, 'முன்வினைப் பயன், பொறுத்துக்கொள்' என்பது ஆன்மிகமன்று. கைவிடுதலுக்கு இட்ட அழகிய பெயர்.

1847ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தில் சிம்சன் என்ற மருத்துவர் பிரசவ நோவுக்குக் குளோரபோம் கொடுத்தபோது, அந்நோவு தெய்வ விதி என்று தடுத்தோரும் இருந்தனர். அதே ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நோவைத் தணிக்கும் அறிவு மக்களின் மொழியில் மக்களுக்கு உரியதாகலாம் என்பதற்கு அது சான்று.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். விடியுமுன் வலையிழுக்கும் தொழிலாளியும், குனிந்தபடி வெங்காயம் நடும் கூலிப்பெண்ணும் இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குச் செல்கின்றனர். இங்கே மருந்து அவர்களை விடுவிக்கவில்லை. தேய்ந்த உடலை இன்னொரு நாள் வேலைக்குத் தயார்செய்கின்றது. எனவே நோவைத் தணித்தல் கடமை. நோவை விளைவிக்கும் வாழ்வை அப்படியே விட்டுவைத்தல் கடமை தவறுதல். முன்னதைச் செய்ததனாற் பின்னது மன்னிக்கப்படாது.

மருந்து யாருக்குக் கிடைக்கின்றது என்பது வைத்தியர் மட்டும் விடையளிக்கும் வினாவன்று. 2017ஆம் ஆண்டு 'லான்செட்' ஆணைக்குழு வெளியிட்ட கணக்கின்படி, உலகிற் பகிரப்பட்ட மோர்பின் வகை மருந்துகள் ஆண்டுக்கு 298.5 தொன், மிக வறிய நாடுகளுக்குக் கிட்டியது 0.1 தொன். மோர்பின் விலையுயர்ந்த பொருளன்று. மறுபுறம் அமெரிக்காவிலோ, இலாப வெறியால் அதே இன மருந்துகள் அளவின்றி விற்கப்பட்டு இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஓரிடத்துப் பஞ்சமும் மற்றோரிடத்து வெள்ளமும் ஒரே சந்தையின் இரு முகங்கள். தேவையறிந்து மருந்து வழங்கவேண்டும் என்று போராடிய பேராசிரியர் சேனக பிபிலே, 1971ஆம் ஆண்டில் உருவான அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகி அவ்வழியை இந்நாட்டிலேயே காட்டினார்.

எமது மண்ணில் மருந்து போரின் ஆயுதமாகவும் ஆயிற்று. 1990களிற் பொருளாதாரத் தடை மருந்துப் பொருள்களையும் நெருக்கியது. 2009ஆம் ஆண்டின் இறுதிப்போரில், வன்னியிற் சிக்குண்ட மக்களுக்கு மருந்துகள், குறிப்பாகச் சத்திரசிகிச்சைப் பொருள்கள், மறுக்கப்பட்டன என்று ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அதே 2011ஆம் ஆண்டில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டினர். அரசு மறுத்ததை மனிதர் வழங்க முன்வந்தமை போற்றத்தக்கது. ஆயினும் உரிமையாக வேண்டியது என்றும் கொடையாகவே நின்றுவிடலாகாது.

செல்வச்சந்நிதியானை ஊரார் அன்னதானக் கந்தன் என்பர். அங்கே பசித்து வந்தவனிடம், 'உன் பசி உண்மையா? நீ எவ்வளவு பொறுப்பாய்?' என்று எவரும் வினவுவதில்லை, இலை போடுகின்றனர். பசிக்கு நாம் அளித்த அந்த மரியாதையை நோவுக்கும் அளிப்போமாக. தானே ஏற்கும் நோன்பை எவரும் தடுக்கவேண்டியதில்லை. பிறர்மீது நோன்பைச் சுமத்தும் உரிமையோ எவருக்கும் இல்லை.